யூதாஸ் நாற்காலிக்கு ஆள் கிடைத்த வருஷம்

குழாயடி அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சபையில் சொல்வார்கள். வரும் என்பது சரியில்லை. போனால்தானே வருவதற்கு? அவளுடைய கோபம் அவளோடேயே எழுந்து, அவளோடேயே ஆலயத்தைப் பெருக்கி, அவளோடேயே சாப்பிட்டுப் படுத்தது. கோபப்பட ஒன்றும் கிடைக்காத நாளில் பழைய காரணம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக்கொள்வாள். அந்தப் பெரிய வியாழனன்று அவள் எதையும் தூசி தட்ட வேண்டியிருக்கவில்லை. புத்தம் புதுக் காரணமே கிடைத்தது.

பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலயத்தின் பின்புறம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது. வளாகத்துக்கே அது ஒன்றுதான். தெருவில் போகிறவர்கள் உள்ளே வந்து திறந்துவிட்டுப் போகிறார்கள் என்று அதன் கைப்பிடியைக் கழற்றி, ஆலயத்தைச் சுத்தம் செய்கிற இவளிடம் கொடுத்துவிட்டார்கள். இவள் அதைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போதகரின் பூச்செடிக்குத் தண்ணீர் வேண்டுமா, பாடகர் குழுவுக்குத் தாகமா, யாராக இருந்தாலும் இவளைத்தான் கூப்பிட வேண்டும். அப்படித்தான் குழாயடி அக்கா ஆனாள். பெயருக்கேற்ற சண்டைக்கார வாய் தனக்கு அந்தப் பெயருக்குப் பிறகுதான் வந்தது என்று அவள் சொல்வாள். கல்யாணத்தன்றே இருந்தது என்பாள் அவளுடைய நாத்தனார்.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின நாள் இயேசு தம் சீஷர்கள் பன்னிரண்டு பேருடைய கால்களையும் குனிந்து கழுவித் துடைத்தார். அதை நினைத்து அந்தச் சபையில் பெரிய வியாழன் சாயங்காலந்தோறும் போதகர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். அதற்கென்றே பன்னிரண்டு மர நாற்காலிகள் உண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீஷரின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். பேதுரு நாற்காலி மரக்கடை முதலாளிக்கு. அதை அவரிடமிருந்து பிடுங்க ஒருவனும் பிறக்கவில்லை. கர்த்தருக்குப் பிரியமான யோவான், பாடகர் குழுத் தலைவர். வரி வசூலித்த மத்தேயு என்றால் அலுவலகக் கணக்கர்தான், அதை அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். தோமா நாற்காலியில் பள்ளிக்கூட வாத்தியார் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவார். சந்தேகப்பட்டவன் பெயர் தனக்கு எதற்கு என்று கமிட்டியில் ஒரு தடவை கேட்டும் பார்த்தார். தோமாவே இப்படிக் கேட்கலாமா என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்கள்.

வேதத்தில் பேதுரு முதலில் வேண்டாம் என்று மறுத்ததாக இருப்பதால், மரக்கடை முதலாளியும் போதகர் மண்டியிட்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். பிறகு நீட்டுவார். வருஷா வருஷம் இதைப் பார்த்து மூக்கைச் சிந்துகிற பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

குழாயடி அக்கா சிந்த மாட்டாள். அந்தக் கால்கள் அவளுக்குத் தெரியும்.

எப்போதோ இருந்த ஒரு போதகருக்கு இளகின வயிறு. மூட்டை தூக்குகிற ஒருவரின் கால் முன்னால் மண்டியிட்ட மனிதர், ஜெபத்தின் நடுவே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அதற்குப் பிறகு கமிட்டி கூடி, ஆராதனைக்கு முன்னால் கால்களைக் கொஞ்சம் அலசிவிட்டு வரலாமே என்று முடிவு செய்தது. யார் அலசுவது என்ற கேள்விக்குக் கமிட்டியில் அதிக நேரம் ஆகவில்லை. கொஞ்சம் பார்த்துக்கோ என்று இவளிடம் சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் நாளாக நாளாக வளர்ந்தது. நார் போட்டுத் தேய்த்து, கல்லால் குதிகாலை உரசி, நகம் வெட்டி, இடுக்கு இடுக்காகத் துடைத்து, பவுடர் பூசி அனுப்புவாள். பன்னிரண்டு பேரும் மாப்பிள்ளை மாதிரி உள்ளே போய் உட்காருவார்கள். போதகர் ஆளுக்குப் பத்துச் சொட்டு ஊற்றி, துண்டால் ஒற்றி எடுப்பார். துண்டு எப்படிப் போனதோ அப்படியே வெள்ளையாக வரும். என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று வெளியே வரும்போது போதகரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். பின்பக்கம் குழாயடியில் ஒருத்தி வாளியைக் கவிழ்த்து, சாக்கடையில் போகிற அழுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது இருக்கிற போதகருக்கு இந்த ஏற்பாடு தெரியுமா? தெரியாது என்று சொல்ல முடியாது. மரக்கடையிலிருந்து வருகிற ஒரு மனிதரின் கால் எப்படி இவ்வளவு மணக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட யூதாஸ் நாற்காலிதான் பெரிய தொல்லை. காட்டிக்கொடுத்தவன் பெயர் எழுதிய நாற்காலியில் யார் உட்காருவார்கள்? கொஞ்ச காலம் அது காலியாகவே கிடந்தது. கர்த்தர் யூதாஸின் காலையும்தானே கழுவினார், காலியாக விடலாமா என்று ஒரு போதகர் கேட்டுத் தொலைத்தார். அதிலிருந்து வருஷம் ஒரு வெளியாளைப் பிடித்து, புதுச் சட்டை கொடுத்து உட்கார வைத்தார்கள். வாசலில் கையேந்துகிறவர், பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி, வழிதவறி வந்த ஒரு பெயிண்டர். நாற்காலி முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்தவனுக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அதுதான் அதில் உள்ள நயம். நாளடைவில் வாசலில் கையேந்துகிறவர்களும் உஷாராகிவிட்டார்கள். பெரிய வியாழன் என்றால் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டுவதில்லை.

கர்த்தரைப் பிடித்துக் கட்டியபோது மற்றப் பதினொரு பேரும் ஓடிப்போனார்கள் என்றும்தான் எழுதியிருக்கிறது. ஒரு பெரிய மனிதர் சேவல் கூவுவதற்கு முன்னால் மூன்று தடவை அவரைத் தெரியவே தெரியாது என்று சொன்னார். அதற்காக யாராவது பேதுரு நாற்காலியை வேண்டாம் என்றார்களா? இல்லை.

அந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லை. சபைச் செயலாளர் நேராகக் குழாயடி அக்காவின் வீட்டுக்கு வந்து, அவளுடைய புருஷனைக் கேட்டார்.

அவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதமும் கரு நீலமாகிவிட்டது. ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள், அதற்குள்ளும் சாயம் போய் நின்றது. கல்யாணமான புதிதில் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஏதோ தீராத வியாதி, மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று இவள் ஒப்பாரி வைத்தாள். வியாதி இல்லை, வேலை என்று புரிந்ததும் ஒப்பாரி நின்றது, கோபம் தொடங்கியது. பட்டறை முதலாளி மேல், பூட்ஸ் விற்றவன் மேல், கேட்கத் தெரியாத புருஷன் மேல்.

அந்த மனிதருக்கோ கோபம் என்ற சரக்கே கிடையாது. வாழ்க்கையில் ஒரே ஒரு வெட்கம்தான் அவருக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் ஆலயத்துக்குள் போகும்போது இவர் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். கொளுத்துகிற வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார். அப்படி உட்கார்ந்துகொண்டு, முன்னால் போதகர் ஒவ்வொரு காலாகக் கழுவுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். வீட்டுக்கு வந்து, அந்தத் தண்ணி ஒருநாளாவது நம்ம கால்ல படணும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் அதை மறக்கவில்லை.

செயலாளர் கேட்டதும் அவள் எரிந்து விழுந்தாள். என் வீட்டுக்காரர் யாரைக் காட்டிக்கொடுத்தார், எத்தனை வெள்ளிக்காசு வாங்கினார் என்று கேட்டாள். செயலாளர் பூசி மெழுகினார். இது ஒரு பாக்கியம், பெயரில் என்ன இருக்கிறது என்றார். பெயரில் ஒன்றும் இல்லையென்றால் நீங்களே உட்காருங்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் புருஷன் குறுக்கே வந்தார்.

"நான் உட்கார்றேன். எந்த நாற்காலியா இருந்தா என்ன, தண்ணி ஒண்ணுதானே."

அவர் அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அவர் காலில் அந்தத் தண்ணீர் பட்டே ஆக வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

வியாழன் மதியம் குழாயடியில் பன்னிரண்டு பேரும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். நேரம் ஆகும் என்று புருஷனின் காலைத்தான் அவள் முதலில் எடுத்தாள். நார் போட்டாள், சோப்புப் போட்டாள். நீலம் அசையவில்லை. மேற்பார்வைக்கு வந்த செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். இந்த வருஷம் ஆராதனையைப் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கிற சபைக்காரர்களுக்கெல்லாம் காட்டப் போகிறார்கள். வெள்ளைத் துண்டு, வெள்ளை அங்கி, நடுவில் இந்த நீலக் காலா?

"அக்கா, இத வச்சுத் தேய்ங்க" என்று கழிப்பறையிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

அவள் தேய்த்தாள். இதை மறைப்பதற்கில்லை. அந்தத் தண்ணீர் அவர் காலில் பட வேண்டுமே என்ற ஒரே வெறியில், பல்லைக் கடித்துக்கொண்டு கல்லால் தேய்த்தாள். நீலத்துக்கு மேல் சிவப்பு வந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, தேய் என்றார். இன்னும் தேய்த்தாள். கணுக்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மற்றப் பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேதுரு மணியைப் பார்த்தார். தோமா வானத்தைப் பார்த்தார். போதும் விடுங்க என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

செயலாளர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போகலையே. ஒண்ணு பண்ணலாம். சாக்ஸ் போட்டுக்கிட்டே உட்காரட்டும். போதகர் ஐயா மேலாப்புல தண்ணி காட்டிருவாரு."

சாக்ஸ் போட்ட காலைக் கழுவுவதா? அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு காலம் தேய்த்த ஒவ்வொரு காலும், ஒவ்வொரு நகமும், இடுக்கில் இருந்த ஒவ்வொரு அழுக்கும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. கல்லைக் கீழே போட்டாள். குழாயை மூடினாள். கைப்பிடியைக் கழற்றித் துணியில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"இன்னிக்கு இவ்வளவுதான். எல்லாரும் அவங்கவங்க காலோட உள்ள போங்க."

செயலாளர் கெஞ்சினார், பிறகு அதட்டினார். அப்படியானால் உன் புருஷனுக்கு நாற்காலியே கிடையாது என்றார். மணி அடித்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

முன்னால் பதினொரு நாற்காலிகள்தான் இருந்தன. பன்னிரண்டாவதைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டார்கள். புருஷன் தூண் ஓரமாக, காலுறை இரண்டையும் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

போதகர் அங்கியைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேதுருவின் முன்னால் மண்டியிட்டார். பேதுரு காலை இழுத்துக்கொண்டார். இந்த வருஷம் அது நடிப்பில்லை. மரத்தூளும் வியர்வையும் சேர்ந்து ஊறிய, விரல் இடுக்கெல்லாம் வெந்துபோன கால் அது. போதகர் கையை நீட்ட, அவர் இழுக்க, முன்வரிசைப் பெண்கள் வழக்கம்போல மூக்கைச் சிந்த ஆரம்பித்து, வாடை வந்ததும் கைக்குட்டையை அப்படியே மூக்கில் வைத்துக்கொண்டார்கள். பத்துச் சொட்டு எங்கே காணும்? போதகர் ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். துண்டு ஒரே துடைப்பில் தரை துடைக்கிற துணி ஆனது. யோவானின் மிருதுவான காலில்கூட வழியில் மிதித்த சேறு காய்ந்து கிடந்தது. மூன்றாவது நாற்காலிக்குப் போவதற்குள் ஜாடியில் தண்ணீர் தீர்ந்துபோனது. காமிரா மட்டும் கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் பார்த்தது.

செயலாளர் சுவரோரமாகவே பதுங்கிப் பதுங்கிக் கடைசி வரிசைக்கு வந்தார். நெற்றியில் வியர்வை.

"அக்கா, கைப்பிடிய குடுங்க. தண்ணி தீர்ந்துபோச்சு."

"பன்னிரண்டாவது நாற்காலி எங்க?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்ப தண்ணியும் அப்புறம்."

முன்னால் போதகர் காலி ஜாடியோடு மண்டியிட்டபடியே இருந்தார். சபை இருமியது, நெளிந்தது. செயலாளர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். அவள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவர் பக்கத்து அறைக்குப் போய் யூதாஸின் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் போட்டார். புருஷன் போய் உட்கார்ந்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள். கைப்பிடியை யாரிடமும் கொடுக்கவில்லை. அவளே போய்க் குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, அவளே கொண்டுவந்து போதகரின் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கடைசி நாற்காலிக்கு வரும்போது போதகருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சட்டையெல்லாம் சேற்றுத் தெறிப்பு. மாற்றுத் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தவர், அப்படியே நின்றார். நீலத்தை அவர் வரிசையில் வரும்போதே பார்த்திருக்கக்கூடும். அதன் மேல் உரிந்திருந்த சிவப்பைத்தான் இப்போது பார்த்தார். அந்த வருஷம் வேறு யாருடைய காலிலும் இல்லாத ப்ளீச்சிங் வாடையும் அவர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும்.

"இது என்ன காயம்? யார் பண்ணது?" என்று கேட்டார். சட்டைக் காலரில் மைக் இருந்ததால் அந்தக் கேள்வி ஆலயம் முழுக்கக் கேட்டது.

துண்டு ஏந்திக்கொண்டு போதகருக்குப் பின்னால் நின்ற செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. பதினொரு பேரும் தங்கள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் குழாயடி அக்கா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். சொல்லுங்க என்று அவள் மனசு கத்தியது. ஒரு விரல், ஒரே ஒரு விரலை நீட்டினால் போதும். அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னால்கூடச் சொல்லட்டும், கல் அவள் கையில்தானே இருந்தது.

புருஷன் செயலாளரைப் பார்த்தார். பிறகு தூரத்தில் அவளைப் பார்த்தார்.

"யாரும் இல்லீங்க ஐயா. வேலையில ஆனது."

போதகர் வாளியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கழுவினார். மற்றவர்களுக்குக் கழுவியதைவிட மெதுவாகக் கழுவினார். தண்ணீர் பட்டதும் எரிந்திருக்கும், உட்கார்ந்திருந்தவருக்குத் தோள் ஒரு தடவை குலுங்கியது. துடைத்து எடுத்த துண்டில் ஒரு பொட்டு ரத்தத்தைத் தவிர வேறு அழுக்கு இல்லை. அன்றைக்கு அவள் தேய்த்துவிட்ட கால் அது ஒன்றுதானே.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் காலுறையைப் போட்டுக்கொள்ளவில்லை. நீலக் காலில் வெறும் செருப்பு. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள், அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவள்தான் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தாள். இனி அந்தக் குழாயடியில் உட்கார மாட்டாள், எவன் காலையும் தொட மாட்டாள், வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்திக்கொள்ளட்டும், கைப்பிடி இவளிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கட்டும் பார்க்கலாம். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன கேடு? ஐயாவே வாய் விட்டுக் கேட்டாரு. ஊரே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த ஆளு பேரச் சொன்னா நாக்கு அறுந்துபோயிருமா?"

அவர் நின்றார். செருப்பு வார் காயத்தில் உரசியது போலிருக்கிறது, குனிந்து அதைத் தளர்த்திக்கொண்டார்.

"அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தரக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?"

பதில் வராதபோது அவளுக்கு வருகிற கோபம் தனி. அதோடேயே அவருடைய கையில் இருந்த காலுறைகளைப் பிடுங்கி, போகிற வழியில் இருந்த குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், அவர் கால் வலியோடு வருகிறார் என்பது ஞாபகம் வந்து, திட்டிக்கொண்டே நின்றாள்.